லாஃப்டில் கிடக்கும் ஹெட்ரெஸ்ட்



போன இதழில் லிஃப்ட் வந்த கதையைச் சொல்லியிருந்தேன். படித்துவிட்டு, "அடுத்து என்ன சார்?" என்று கேட்ட நான்கைந்து பேருக்கும் நன்றி. இந்த முறை விஷயம் கீழ்த்தளப் பார்க்கிங்கிலிருந்தே கிடைத்துவிட்டது.

நம் வளாகத்தில் ஒரே ஒரு டபுள் கேபின் பிக்கப் வண்டி இருப்பது உங்களுக்குத் தெரியும். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதன் உரிமையாளர் பின் சீட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். சீட்டை மடக்கினால் ஹெட்ரெஸ்ட் முன் சீட்டின் முதுகில் போய் முட்டுகிறது. கழற்றலாம் என்று மேலே இழுத்தால் கூரை இடிக்கிறது. "வெல்டிங் பட்டறையில் கொடுத்துக் கம்பியை இரண்டு அங்குலம் அறுத்துவிட்டால் என்ன?" என்று கேட்டார். பக்கத்தில் நின்ற இன்னொருவர், "அறுக்காதீங்க! ஆபத்தில் கண்ணாடியை உடைக்கத்தானே அந்தக் கம்பியைக் கூர்மையாக வைத்திருக்கிறார்கள்" என்றார். நம் வாட்ஸ்அப் குழுவில் வருடத்துக்கு இரண்டு தடவையாவது சுற்றி வரும் செய்திதான் அது. எனக்கு இருவரிடமும் உடன்பாடில்லை. ஏன் என்று சொல்ல நூறு வருடம் பின்னால் போக வேண்டும்.

காருக்கு ஹெட்ரெஸ்ட் என்று முதலில் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தவர் பெஞ்சமின் காட்ஸ். அமெரிக்காவில் கலிபோர்னியாவின் ஓக்லாந்தைச் சேர்ந்தவர். வருடம் 1921. அதன் பிறகு பல பத்தாண்டுகளுக்கு அது ஒரு சௌகரியப் பொருளாகவே பார்க்கப்பட்டது. நீண்ட பயணத்தில் தலை சாய்க்க வசதி, அவ்வளவுதான். "ரெஸ்ட்" என்ற பெயரே அப்படித்தானே சொல்கிறது?

இன்னொரு பக்கம் மருத்துவர்கள் வேறொன்றைக் கவனித்துக்கொண்டிருந்தார்கள். பின்னாலிருந்து வண்டி இடித்தால் வெளியில் ஒரு கீறல்கூட இருக்காது. ஆனால் மறுநாள் காலையில் கழுத்தைத் திருப்ப முடியாது. 1928இல் சான் பிரான்சிஸ்கோவில் ஹரால்ட் க்ரோ என்ற எலும்பு மருத்துவர் இந்தக் காயத்துக்கு "விப்லாஷ்" என்று பெயர் வைத்தார். சாட்டையடி என்று பொருள். பெயர் ஒட்டிக்கொண்டது. பின்னாளில், அந்தச் சொல்லைப் பயன்படுத்தியிருக்க வேண்டாமே என்று அவரே வருந்தினார்.

உண்மையில் நடப்பது இதுதான். பின்னால் இடி விழுந்ததும் சீட் உங்கள் முதுகை முன்னால் தள்ளுகிறது. தலைக்கு அந்தத் தகவல் போகவில்லை. அது இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. உடம்பு முன்னே போக, தலை பின்தங்க, நடுவில் மாட்டிக்கொண்ட கழுத்து ஆங்கில எஸ் எழுத்து போல வளைகிறது. பிறகு தலை பின்னால் சாய்ந்து முன்னால் வீசப்படுகிறது. எல்லாமே கண் சிமிட்டும் நேரத்தில் முடிந்துவிடும். சிக்னலில் நிற்கும்போது மெதுவாக வந்து இடிக்கும் வண்டிகூட இதைச் செய்யப் போதும். 1950களில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் டெர்வின் செவெரி என்பவரும் அவருடைய குழுவும் நிஜக் கார்களை நிஜமாகவே மோதவிட்டு, பொம்மைகளை மட்டுமல்ல, மனிதர்களையும் உட்காரவைத்து இதை அளந்தார்கள். இன்று நினைத்தால் பயமாக இருக்கிறது.

1965இல் ரால்ஃப் நேடர் எழுதிய புத்தகம் கார் நிறுவனங்களை உலுக்கியது. 1966இல் வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் தொடர்ச்சியாக, 1969 ஜனவரி முதல் தேதிக்குப் பிறகு அமெரிக்காவில் விற்பனைக்குத் தயாரான ஒவ்வொரு காரிலும் இரண்டு முன் சீட்டுகளுக்கும் ஹெட்ரெஸ்ட் கட்டாயம் ஆனது. சட்டத்தில் எழுதியவர்கள் "ரெஸ்ட்" என்ற சொல்லைப் போடவில்லை என்பதைக் கவனியுங்கள். "ஹெட் ரிஸ்ட்ரெய்ன்ட்" என்றார்கள். தலையைத் தாங்குவதற்கல்ல, தடுத்து நிறுத்துவதற்கு. சீட் பெல்ட் இருக்கும் குடும்பத்தில் அதையும் சேர்த்தார்கள்.

கட்டாயமாக்கிவிட்டால் போதுமா? 1982இல் அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறை ஒரு கணக்கெடுத்தது. சீட்டோடு ஒன்றாகவே தைத்த உயரமான ஹெட்ரெஸ்ட்டுகள், பின்னிருந்து மோதும் விபத்துகளில் காயத்தை 17 சதவீதம் குறைத்திருந்தன. ஏற்றி இறக்கும் வகையோ 10 சதவீதம்தான். காரணம் எளிது: பெரும்பாலானோர் அதைக் கீழேயே வைத்திருந்தார்கள். சரியாக வைத்துக்கொள்ளும் வசதியைக் கொடுத்ததும், வைக்காமல் விட்டுவிட்டோம். நான் உட்பட. இந்தக் கட்டுரைக்காகக் குறிப்பெடுத்த பிறகுதான் என் காரில் ஓட்டுநர் ஹெட்ரெஸ்ட் என் தோளுக்குச் சற்று மேலே, கழுத்தின் அடியில் நிற்பதைப் பார்த்தேன். அப்படி இருந்தால் தலை அதன்மேல் மடங்கும், நன்மையைவிடக் கெடுதல்தான்.

இனி பிக்கப் வண்டிக்கு வருவோம். பிக்கப் என்றால் ஆதியில் ஒரே வரிசை சீட்டும், பின்னால் சரக்குத் தொட்டியும்தான். 1957இல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் டிராவலெட் என்ற பெயரில் இரண்டு வரிசை சீட் கொண்ட வண்டியைக் கொண்டுவந்தது. வேடிக்கை என்னவென்றால் அதற்கு மூன்று கதவுகள்தான்! நான்காவது கதவு சில வருடங்கள் கழித்து வந்தது. 1973இல் டாட்ஜ் நிறுவனத்தின் கிளப் கேப் வந்தது. பின்னால் அவசரத்துக்கு உட்காரும் மடக்குச் சீட்டுகள். அடுத்த வருடமே ஃபோர்டின் சூப்பர் கேப். அந்தப் பின் இடம் முதலில் சாமானுக்கு, பிறகு மனிதர்களுக்கு. அதனால்தான் மடக்குவது என்ற குணம் பிக்கப்பின் பின் சீட்டுக்குப் பிறவியிலேயே வந்துவிட்டது.

பாதுகாப்புச் சட்டமோ டிரக்கை வெகு காலம் திரும்பிப் பார்க்கவில்லை. சரக்கு வண்டிதானே என்ற நினைப்பு. முன் சீட்டு ஹெட்ரெஸ்ட் இலகு ரக டிரக்குகளுக்கும் வேன்களுக்கும் கட்டாயமானது 1991 செப்டம்பரில்தான். கார்களுக்கு வந்து இருபத்திரண்டு வருடம் கழித்து! அதற்குள் அமெரிக்கக் குடும்பங்கள் டிரக்கில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துப் போக ஆரம்பித்துவிட்டன.

பின் சீட்டு விஷயம் இன்னும் சுவாரசியம். 2001இல் பின் சீட்டின் இரு ஓரங்களுக்கும் ஹெட்ரெஸ்ட் கட்டாயமாக்கலாம் என்று அந்தத் துறை முன்மொழிந்தது. 2004இல் இறுதி விதி வந்தபோது பின்வாங்கிவிட்டது. செலவு ஒரு காரணம். சீட்டை மடக்குவதும் சாமான் ஏற்றுவதும் கெட்டுவிடுமே என்பது இன்னொன்று. ஆக, நம் பார்க்கிங்கில் நடந்த அதே மல்லுக்கட்டுதான் அங்கே அரசாங்க விதியாகவே எழுதப்பட்டது. பின் சீட்டில் வைப்பதும் வைக்காததும் உங்கள் இஷ்டம், ஆனால் வைத்தால் இடுப்பு மட்டத்திலிருந்து குறைந்தது 750 மில்லிமீட்டர் உயரம் இருக்க வேண்டும் என்றார்கள். முன் சீட்டுக்கு 800 வரை உயர்த்த முடிய வேண்டும்.

அதோடு மடக்குகிறவர்களுக்காகச் சில சலுகைகளும். பயன்படுத்தாத நேரத்தில் பின் ஹெட்ரெஸ்ட்டைச் சாய்த்து வைக்கலாம். ஆனால் குறைந்தது 60 டிகிரி சாய வேண்டும். பார்த்தவுடனே "இது இடத்தில் இல்லை" என்று தெரிய வேண்டுமாம். அல்லது, கீழே இறக்கி வைத்தால் உட்காருபவரின் முதுகை அது உறுத்த வேண்டும். ஆம், வேண்டுமென்றே! சில கார்களின் பின் சீட்டில் சாய்ந்தால் தோளுக்கு நடுவே ஒரு மேடு இடிக்கிறது என்று எரிச்சல்பட்டிருக்கிறீர்களா? அது வடிவமைப்புக் கோளாறு இல்லை. "என்னை மேலே தூக்கிவிட்டு உட்கார்" என்று அது சொல்கிறது.

கழற்றுவதற்கும் விதி உண்டு. உயர்த்தும்போது தவறிக் கையோடு வந்துவிடக் கூடாது. கழற்றத் தனியாக ஒரு செயல் தேவை. கம்பியின் அடியில் இருக்கும் அந்தச் சின்னப் பொத்தான் அதற்குத்தான். 2008இல் ஐக்கிய நாடுகள் வழியாக வந்த உலகத் தொழில்நுட்ப விதி எண் 7 முழுக்க ஹெட்ரெஸ்ட்டைப் பற்றியதே. கண்ணாடியை உடைக்கக் கம்பி வைத்தார்கள் என்பது கதை. கழற்றும் வசதி மடக்கவும் மாற்றவும்தான். அவசரத்தில் கதவுக் கண்ணாடியை அது உடைக்கவும் கூடும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இரட்டை அடுக்காக ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடி என்றால் அதனிடம் ஒன்றும் நடக்காது. அந்த வேலைக்கென்றே சின்னச் சுத்தியல் விற்கிறார்கள், வாங்கி வையுங்கள்.

இப்போது நம் நண்பரின் கேள்வி. பிக்கப்பில் பின் சீட்டுக்கு நேர் பின்னால் கேபின் சுவர், மேலே பின் கண்ணாடி. நகர இடமில்லை. அதனால் அமெரிக்காவில் டிரக் வைத்திருப்பவர்கள் பல குறுக்குவழிகளைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். சிலர் கம்பியில் இன்னொரு வெட்டுப் போட்டு இன்னும் கீழே இறங்கும்படி செய்கிறார்கள். சிலர் கம்பியையே குட்டையாக்குகிறார்கள். சிலர் முன்பின்னாகத் திருப்பிச் செருகுகிறார்கள். இந்த மூன்றுமே எனக்குப் பிடிக்கவில்லை. அறுத்த கம்பி உயரத்தை இழக்கிறது. புதிய வெட்டு விழுந்த இடத்தில் கம்பி பலவீனமாகிறது. திருப்பிச் செருகினாலோ, பல வண்டிகளில் பூட்டு விழும் பள்ளம் ஒரு பக்கம் மட்டுமே இருப்பதால் அது பூட்டாமல் சும்மா நிற்கும். தலைக்கும் அதற்கும் இடைவெளியும் கூடும்.

சரி, என்னதான் செய்வது? நாங்கள் செய்தது சாதாரணமானது. முன் சீட்டை முழுக்க முன்னால் தள்ளி, பின் சீட்டின் முதுகைப் பாதி மட்டும் சாய்த்ததும் கூரை இடிக்காமல் ஹெட்ரெஸ்ட் வெளியே வந்துவிட்டது. கழற்றியதை வைக்கப் பின் சீட்டுக்கு அடியிலேயே ஒரு துணிப்பை தைத்து மாட்டினோம். வண்டியை விட்டு அது வெளியே போகக் கூடாது என்பதுதான் யோசனை. சீட்டை நிமிர்த்துகிறவர் கையில் அது உடனே கிடைக்க வேண்டும்.

ஏனென்றால் என் வீட்டில் நடந்தது வேறு. மூன்று வருடம் முன்பு ஒரு அலமாரியை ஏற்றி வர எங்கள் காரின் பின் ஹெட்ரெஸ்ட் இரண்டையும் கழற்றி லாஃப்டில் போட்டேன். அலமாரி வந்து சேர்ந்தது. ஹெட்ரெஸ்ட் இறங்கவில்லை. ஆறு மாதம் கழித்து என் அம்மாவைக் கண் மருத்துவரிடம் அழைத்துப் போனபோது, சிக்னலில் ஒரு வேன் வந்து மெல்ல இடித்தது. பம்பரில் ஒரு நெளிவு மட்டும். அம்மாவுக்குக் கழுத்துப் பட்டை ஏழு வாரம். இன்றும் இடது பக்கம் திரும்பிப் பேசச் சொன்னால் உடம்போடு திரும்புகிறார். ஹெட்ரெஸ்ட் இருந்திருந்தால் வலியே வந்திருக்காது என்று நான் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அது லாஃப்டில் இருந்தது.

அளவு சொல்லிவிடுகிறேன். ஹெட்ரெஸ்ட்டின் மேல் விளிம்பு உங்கள் உச்சந்தலை மட்டத்துக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். தலைக்கும் அதற்கும் இடைவெளி முடிந்தவரை குறைவாக, நான்கு விரலுக்குள் இருந்தால் நல்லது. குழந்தைகளுக்கான தனி சீட் மாட்டும்போது சில நிறுவனங்கள் பின் ஹெட்ரெஸ்ட்டைக் கழற்றச் சொல்லும். கழற்றுங்கள், குழந்தை சீட்டை எடுத்ததும் திரும்ப மாட்டிவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. கீழ்த்தளத்தில் தண்ணீர் மோட்டார் அறைக்குப் பக்கத்து அலமாரியில் சாம்பல் நிற ஹெட்ரெஸ்ட் ஒன்று இரண்டு மாதமாகக் கிடக்கிறது. செக்யூரிட்டியிடம் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். உங்களுடையது என்றால் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.