ஆலைக்கு வந்த மொழியும் வீட்டுக்கு வந்த சித்திரமும்: தமிழ்நாட்டில் ஜப்பானிய அனிமேஷன் ஆய்வின் முன்வரலாறு

சிங்கப்பெருமாள்கோவிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையும் வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையும் வெட்டிக்கொள்ளும் இடம் ஒரகடம். 2010 மார்ச்சில் ரெனோ-நிஸ்ஸான் கூட்டு ஆலை இங்கே திறக்கப்பட்டது. கொமாட்சுவின் கனரக இயந்திர ஆலை பக்கத்திலேயே இருக்கிறது. 2015இல் வல்லம் வடகாலில் யமஹா வந்தது. இந்த ஆலைகளை நம்பி உதிரிபாக நிறுவனங்கள் வந்தன. அவற்றின் பொறியாளர்களை நம்பி ஜப்பானிய உணவகங்களும் தங்கும் விடுதிகளும் வந்தன. ஜப்பானிய மொழி தெரிந்த தமிழ் இளைஞருக்கு இந்தச் சாலையில் வேலை கிடைக்கும் என்பது காஞ்சிபுரம் மாவட்டத்துப் பெற்றோர் பலருக்குத் தெரிந்த செய்தி.

இதே பெற்றோரின் வீட்டில் பிள்ளைகள் டோரேமானும் ஷின்-சானும் பார்த்து வளர்ந்தார்கள். அந்தச் சித்திரங்கள் ஜப்பானிலிருந்து வந்தவை. ஆனால் வந்த வழி வேறு. மொழி ஆலை வழியாக வந்தது. சித்திரம் தொலைக்காட்சி வழியாக வந்தது. ஜப்பானிய மொழியும் ஜப்பானியக் காட்சிப் பண்பாடும் தமிழ்நாட்டில் ஒரே வகுப்பறையில் சந்தித்து ஒரு படிப்பாக வேர்பிடிக்கவில்லை. அது ஏன் என்று விளங்கிக்கொள்ள இரண்டு வரவுகளையும் தனித்தனியே பின்தொடர வேண்டும். அவை சந்திக்கத் தகுந்த இடம் ஒரகடம் சார்ந்த நிலப்பகுதிதான் என்பது என் துணிபு.

முதலில் மொழி. ஆசிய நாடுகளின் தொழில்நுட்பப் பணியாளர்களை அழைத்துப் பயிற்சி தர 1959இல் ஜப்பானில் தொடங்கப்பட்டது ஏஓடிஎஸ் என்ற அமைப்பு. அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, ஆசிய மாணவர்களுக்கு உறுதுணையாக ஏபிகே தொடங்கப்பட்டிருந்தது. இரண்டுக்கும் பின்னால் நின்றவர் ஹொசுமி கோயிச்சி. அங்கே பயிற்சி பெற்றுத் திரும்பிய தமிழ்நாட்டுப் பொறியாளர்கள் சென்னையில் அமைத்த முன்னாள் மாணவர் சங்கம்தான் ஏபிகே-ஏஓடிஎஸ் தோசோகாய். பல பத்தாண்டுகளாக இங்கே ஜப்பானிய மொழி வகுப்பு நடத்துவதும் ஜப்பானிய மொழித்திறன் தேர்வான ஜேஎல்பிடியை நடத்துவதும் அந்தச் சங்கம். தமிழ்நாட்டில் ஜப்பானிய மொழிக் கல்வியை முன்னின்று வளர்த்தது பல்கலைக்கழகத்தின் மொழித்துறை அன்று, பொறியாளர்களின் நன்றியுணர்வு. இது பெருமைக்குரிய வரலாறு. ஆனால் பாடத்தின் உருவத்தையும் இதுவே தீர்மானித்தது. 2016இல் இந்தியாவும் ஜப்பானும் செய்த உற்பத்தித் திறன் உடன்பாட்டின்படி அடுத்த ஆண்டு தொடங்கிய முதல் பயிற்சி நிலையங்களுள் யமஹாவின் நிலையமும் ஒன்று. அங்கும் முன்னிலை பெற்றது உற்பத்தி ஒழுங்குதான். ஜேஎல்பிடியின் தொடக்கநிலையான என்5இலிருந்து மேலே ஏறுபவர் எதிர்பார்ப்பது சம்பள உயர்வும் மொழிபெயர்ப்பாளர் வேலையும். ஒரு நாவலையோ ஒரு திரைப்படத்தையோ வாசிக்கும் ஆசைக்கு அந்த ஏணியில் படி இல்லை. ஆலை கைமாறினால் மொழியின் தேவையும் கைமாறுகிறது: 2025இல் ஒரகடம் ஆலையில் நிஸ்ஸானுக்கு இருந்த பங்கை ரெனோ வாங்கிக்கொண்டது.

ஆலைக்குள் வந்தது மொழி மட்டுமன்று. ஜப்பானியக் காட்சிப் பண்பாட்டின் ஒரு கிளையும் கூடவே வந்தது. அனிமே எனப்படும் ஜப்பானிய அனிமேஷனை ஆய்பவர்கள் இதை அதிகம் கண்டுகொள்ளவில்லை. ஒழுங்கு, தூய்மை பற்றிய 5எஸ் பலகைகள், லைனில் கோளாறு வந்தால் எரியும் ஆந்தோன் விளக்கு, பாதுகாப்பு வகுப்பில் காட்டப்படும் கோட்டுச் சித்திரங்கள் எல்லாம் அந்தக் கிளையைச் சேர்ந்தவை. கிக்கென் யோச்சி எனப்படும் ஆபத்து முன்னறிதல் பயிற்சி 1974இல் சுமித்தோமோ மெட்டல் நிறுவனத்தில் உருவாகி, விபத்தில்லா இயக்கத்தின் மூலம் ஜப்பான் முழுதும் பரவியது. ஒரு தாளில் ஒரு சித்திரம்: ஏணியில் ஒருவர், கீழே ஒரு வாளி, பக்கத்தில் ஒரு கம்பி. இங்கே என்ன ஆபத்து ஒளிந்திருக்கிறது என்று குழுவாக உட்கார்ந்து பேச வேண்டும். சித்திரத்தில் முகத்துக்கு அதிக விவரம் கிடையாது. யாரும் தன்னை அந்த இடத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். காட்சியை நிறுத்தி, அடுத்த கணத்தைப் பார்ப்பவர் மனத்தில் ஓடவிடும் இந்த முறை, ஜப்பானியப் படக்கதையான மங்காவின் கட்டங்களுக்கு நடுவே உள்ள வெற்றிடம் செய்கிற வேலையைத்தான் செய்கிறது. 1986இல் இஷினோமொரி ஷோதாரோ ஜப்பானியப் பொருளாதாரத்தை மங்காவாக வரைந்தார்; வெளியிட்டது நிஹொன் கெய்சாய் என்ற பொருளாதார நாளிதழ் நிறுவனம். அமெரிக்காவோடு நடந்த கார் வணிகப் பூசலும் அதில் கதையானது. 1988இல் கலிபோர்னியா பல்கலைக்கழக அச்சகம் அதை ஆங்கிலத்தில் கொண்டுவந்தது. அறிவைச் சித்திரமாகச் சொல்வதை ஜப்பானியத் தொழிலுலகம் சிறுபிள்ளைத்தனமாக நினைத்ததில்லை. ஒரகடத்துத் தொழிலாளர், தன் மகன் பார்க்கும் அனிமேயின் உறவுக்காரச் சித்திரத்தை ஷிஃப்ட் தொடங்கும் முன் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இனி வீட்டுக்கு வந்த சித்திரம். தமிழில் படக்கதை வாசிப்புக்கு வலுவான மரபு உண்டு. 1947இல் சென்னையில் பிறந்த அம்புலிமாமா ஓவியங்களைக் கொண்டே தலைமுறைகளைக் கட்டிப்போட்டது. சிவகாசியிலிருந்து 1972இல் முத்து காமிக்ஸும் 1984இல் லயன் காமிக்ஸும் வந்தன. அவற்றின் நாயகர்கள் பிரிட்டனிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் பிரான்ஸ், பெல்ஜியத்திலிருந்தும் வந்தவர்கள். இரும்புக்கை மாயாவியையும் டெக்ஸ் வில்லரையும் தமிழராக்கிய அந்த மரபில் மங்காவுக்கு இடம் அமையவில்லை. தமிழ் வாசகர் மனத்தில் பதிந்த ஜப்பானியச் சித்திரம் என்றால் அது 'டோட்டோ-சான்' அட்டையில் உள்ள சிறுமிதான். வரைந்தவர் இவாசாகி சிஹிரோ. அவர் 1974இல் மறைந்தார். குரோயானாகி தெத்சுகோ தம் நினைவுகளை 1981இல் நூலாக்கியபோது சிஹிரோவின் நீர்வண்ண ஓவியங்களை அதில் சேர்த்துக்கொண்டார். நேஷனல் புக் டிரஸ்ட் வழியே தமிழுக்கு வந்த அந்த நூலைப் பள்ளி ஆசிரியர்கள் பலர் படித்திருக்கிறார்கள். அதே கதை 2023இல் ஷின்-எய் நிறுவனத்தின் தயாரிப்பில் அனிமேஷன் திரைப்படமானது. டோரேமானையும் ஷின்-சானையும் தயாரித்ததும் அதே ஷின்-எய்தான். அம்மா வாசித்த கதையும் பிள்ளை தொலைக்காட்சியில் பார்த்த சித்திரமும் அவர்கள் அறியாமலே ஒரே நிறுவனத்தில் வந்து சேர்ந்தன.

தொலைக்காட்சியில் முதல் பெரிய வரவு 'ஜங்கிள் புக்'. 1989இல் நிப்பொன் அனிமேஷன் எடுத்த அத்தொடரைத் தூர்தர்ஷன் 1993இல் இந்தியில் ஒளிபரப்பியது. குல்சார் எழுதி விஷால் பரத்வாஜ் இசையமைத்த பாட்டை இந்தி தெரியாத பிள்ளைகளும் பாடினார்கள். அது ஜப்பானியப் படைப்பு என்பது அன்று யார் கவனத்திலும் இல்லை. 2004இல் டிஸ்னி சேனல் தமிழ்க் குரலோடு இந்தியாவுக்கு வந்தது. 2007இல் சன் குழுமம் சுட்டி டிவியைத் தொடங்கியது. குழந்தைகள் சேனல்களில் தமிழ் ஒலித்தடம் வழக்கமாகிவிட்டபோது ஜப்பானியத் தொடர்களும் தமிழ் பேசத் தொடங்கின. ஆனால் அவை பெரும்பாலும் இந்தி அல்லது ஆங்கிலப் பிரதி வழியாக வந்த தமிழ். ஷின்-சானின் குறும்பு பெற்றோரைப் புண்படுத்துகிறது என்று 2008இல் இந்திய அரசு அத்தொடரைத் தடை செய்தது. வெட்டி ஒட்டி அடுத்த ஆண்டு மீண்டும் வந்தது. குடும்பம், மரியாதை, பிள்ளை வளர்ப்பு பற்றி இரு சமூகங்களும் மோதிக்கொண்ட அந்த நிகழ்வை ஒரு நல்ல ஆய்வேடாக்கியிருக்கலாம். 2023க்குப் பின் அனிமேக்கான இணையத்தளம் கிரஞ்சிரோல் தமிழ்க் குரலில் தொடர்களைத் தரத் தொடங்கியது. 2025 செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்' திரைப்படம் தமிழிலும் திரையரங்குக்கு வந்தபோது, பிள்ளையாக டோரேமான் பார்த்தவர்களுக்கு வேலைக்குப் போகும் வயதாகியிருந்தது.

இவற்றுக்கு நடுவே தனித்து நிற்கும் படைப்பு ஒன்று உண்டு. யூகோ சாகோ, 1983இல் இராமாயணத் தொல்லியல் அகழாய்வு பற்றிய ஆவணப்படத்துக்காக இந்தியா வந்தவர். அந்த ஈடுபாட்டில் ராம் மோகன், சசாகி கோயிச்சி ஆகியோரோடு சேர்ந்து முழுநீள இராமாயண அனிமேஷன் படத்தை இயக்கினார். ராம் மோகன் 1950களில் பிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவில் டிஸ்னியிலிருந்து வந்த கிளேர் வீக்ஸிடம் பயின்றவர். இராமனை வெளிநாட்டார் கார்ட்டூனாக வரைவதா என்று எதிர்ப்புக் கிளம்பியதால் தயாரிப்பு பெரும்பகுதி ஜப்பானிலேயே நடந்தது; 1990களின் தொடக்கத்தில் முடிந்த படம் இந்தியத் திரையரங்குகளில் பரவலாக ஓடவில்லை. 2025 ஜனவரி 24 அன்று தமிழ் உள்ளிட்ட மொழிகளில் வெளியானது. வால்மீகியைப் பின்பற்றிய ஜப்பானியப் படம், கம்பனில் ஊறிய காதுக்குத் தமிழில் என்ன ஆகிறது? இக்கேள்விக்கு விடை காண ஜப்பானியமும் தமிழும் அனிமேஷன் நுட்பமும் அறிந்த ஒருவர் வேண்டும்.

அப்படிப்பட்டவர்கள் பிற நாடுகளில் எப்படி உருவானார்கள்? அனிமே ஆய்வாளர் சூசன் நேப்பியர் 1991இல் வெளியிட்ட முதல் நூல் மிஷிமா, ஓஎ ஆகிய நாவலாசிரியர்களைப் பற்றியது. இரண்டாவது நவீன ஜப்பானிய இலக்கியத்தில் மாயப் புனைவு பற்றியது. அனிமே பற்றிய நூல் 2001இல்தான் வந்தது. அனிமே இயக்குநர் மியாசாகி ஹயாவோ பற்றிய நூல் 2018இல். தாமஸ் லமார் முதலில் எழுதியது ஹெயான் காலத்து எழுத்துமுறை பற்றி. அடுக்கடுக்கான ஓவியத் தளங்கள் ஒன்றன்மேல் ஒன்று நகர்வதிலேயே அனிமேயின் சிந்தனை இருக்கிறது என்று வாதிட்ட அவருடைய 'அனிமே மெஷின்' 2009இல் வெளிவந்தது. மொழித்துறையில் காலூன்றிய பிறகே இருவரும் சித்திரத்தின் பக்கம் திரும்பினார்கள். ஜப்பானிலேயே இது மெல்ல நடந்த வேலை: கியோட்டோ செய்கா கல்லூரியில் மங்கா வகுப்பு 1973இல் தொடங்கி, 2000இல் துறையாகி, 2006இல் தனிப் புலமானது. ஜப்பான் அனிமேஷன் ஆய்வுச் சங்கம் 1998இல் அமைந்தது. கியோட்டோ சர்வதேச மங்கா அருங்காட்சியகமும் அமெரிக்காவின் 'மெக்கடேமியா' ஆய்விதழும் 2006இல் பிறந்தன. இத்துறைக்கு வந்தவர்கள் ரசிகர்களாக இருந்தது உண்மை. ஆனால் துறையை நிறுத்தியது அவர்களுடைய மொழிப்பயிற்சி.

இந்தியாவில் ஜப்பானியக் காட்சிக்கலையோடு உறவு மிகப் பழையது. 1902இல் ஜப்பானியக் கலை அறிஞர் ஒகாகுரா கல்கத்தா வந்தார். மறு ஆண்டு அவர் அனுப்பிய ஓவியர்கள் தைகானும் ஷுன்சோவும் வங்க ஓவியர்களின் தூரிகைப் பழக்கத்தையே மாற்றினார்கள். சாந்திநிகேதனில் ஜப்பானியக் கல்வி வேர்பிடித்ததற்கு அந்த உறவு பின்புலம். தமிழகத்துக்கு அமைந்த உறவோ எதிர்த்திசையில் ஓடியது. சோழர் கல்வெட்டுகளை வாழ்நாள் முழுதும் ஆராய்ந்த நொபோரு கராஷிமா, சங்க அகக் கவிதை பற்றி எழுதிய தகாஹாஷி தகனோபு, நாகசுர மரபை ஆராய்ந்த தெராதா யோஷிதாகா என ஜப்பான் நம்மைக் கற்க அனுப்பியவர்கள் பலர். அவர்கள் தமிழைக் கற்ற ஆழத்தில் ஜப்பானியத்தைக் கற்று அதன் கலைகளை ஆராய நாம் அனுப்பியவர்கள் மிகச் சிலரே. இது எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

நாம் அனுப்பும் ஆய்வாளர் ஒரகடத்திலிருந்து போனால் பாஸ்டனிலோ ஸ்டாக்ஹோமிலோ எளிதில் எழாத கேள்விகளைக் கொண்டுபோவார். 1956இல் தொடங்கிய தோயெய் தோகா நிறுவனம் கீழ்த்திசை டிஸ்னியாக வேண்டும் என்று ஓவியர்களைப் பிரிவு பிரிவாக உட்கார்த்தி வேலை வாங்கியது. முதன்மை அசைவை வரைபவர் ஒருவர், இடைப்பட்ட அசைவை நிரப்புபவர் வேறொருவர், செல்லுலாய்டில் வண்ணம் பூசுபவர் இன்னொருவர். 1963 ஜனவரி முதல் தேதி தெசுகா ஒசாமுவின் 'ஆஸ்ட்ரோ பாய்' வாராவாரம் வரத் தொடங்கியபோது, ஒரு வரைவையே பல சட்டகங்களுக்குப் பயன்படுத்திச் செலவைக் குறைக்கும் முறை தொழிலின் இலக்கணமாகிவிட்டது. தோயெய்யில் தொழிற்சங்கம் வலுவாக இருந்தது. இளம் மியாசாகி ஹயாவோ அதன் செயலர். தகாஹாதா இசாவோ இயக்கி 1968இல் வந்த 'ஹோருஸ்' அந்தச் சங்கத் தோழமையில் விளைந்த படம். வண்ணம் பூசும் வேலை வீட்டிலிருந்த பெண்களுக்குத் துண்டுக்கூலியாகப் போன வரலாற்றை டயான் வெய் லூயிஸ் ஒரு கட்டுரையில் எழுதியிருக்கிறார். ஸ்ரீபெரும்புதூர் கைப்பேசி ஆலைகளின் லைனில் நிற்கும் பெண்களையும், 2018இல் ஒரகடத்தில் நடந்த வேலைநிறுத்தங்களையும் அருகிலிருந்து அறிந்த மாணவி அந்தக் கட்டுரையை வாசித்தால், அனிமேயை முதலில் உழைப்பின் வரலாறாகப் பார்ப்பார். ரசிப்பிலிருந்து தொடங்கியவருக்கு அந்தப் பார்வை பின்னால்தான் வாய்க்கும்.

இத்தகைய ஆய்வுக்கு வேண்டியவற்றுள் பாதி ஏற்கெனவே கையில் இருக்கிறது. என்3, என்2 தேறி ஆலையில் மொழிபெயர்ப்பாளராக இருப்பவர்கள் இங்கே இருக்கிறார்கள். காட்சித் தொடர்பியல் கற்பிக்கும் விஸ்காம் துறைகள் சென்னையைச் சுற்றி நிறைய உண்டு. தரமணி அரசு திரைப்பட நிறுவனத்தில் அனிமேஷன் படிப்பு இருக்கிறது. ஜப்பானிய அரசின் மெக்ஸ்ட் ஆராய்ச்சி உதவித்தொகைக்குச் சென்னைத் துணைத் தூதரகம் ஆண்டுதோறும் விண்ணப்பம் கேட்கிறது. மொழி கற்ற பொறியாளரும் சித்திரம் கற்ற விஸ்காம் மாணவரும் ஒரே முதுகலை வகுப்பில் உட்கார ஒரு பாடத்திட்டம் வரையப்பட வேண்டும்; அதில் முதல் ஆண்டு முழுதும் மொழிக்கே கொடுக்கப்பட வேண்டும் என்பேன்.

முதல் ஆய்வேட்டுக்கான தலைப்பை என்னைக் கேட்டால், தமிழ் டப்பிங்கைச் சொல்வேன். எந்த மொழியின் பிரதியிலிருந்து தமிழ் வசனம் எழுதப்பட்டது, டோரேமானில் சிறுவன் நோபிதாவின் அம்மா அவனைத் திட்டும்போது எந்த ஊர்த் தமிழ் தேர்ந்துகொள்ளப்பட்டது, உதட்டசைவுக்காக எதெல்லாம் விடப்பட்டது என்பதற்குச் சான்று அந்த வசனத்தாள்களும் அவற்றைப் பேசியவர்களின் நினைவும்தான். வசனத்தாள்கள் நூலகத்தில் சேரும் பொருளல்ல. பதிவு முடிந்ததும் கழிக்கப்படுபவை. 2000களில் குரல் கொடுத்தவர்கள் பலர் சென்னையில் இன்னும் தொழிலில் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒலிப்பதிவுக் கருவியோடு போய் உட்கார்வதை எந்தத் துறையின் ஒப்புதலுக்காகவும் தள்ளிப்போட வேண்டியதில்லை. ஜப்பானிய மூலத்தை அவர்கள் முன்னிலையில் ஓடவிட்டு, வரிக்கு வரி நிறுத்திக் கேட்கத் தெரிந்த ஒருவர் போதும்.