கழட்டத் தெரியும், திரும்ப மாட்டத் தெரியுமா?

ராத்திரி பதினோரு மணிக்கு 'டப் டப்'னு வெடிச்சுக்கிட்டுத் தெருவுல போற வண்டியைத் திட்டாதவங்க பட்டணத்துல இருக்க மாட்டீங்க. இப்போ அந்தச் சத்தம் எங்க கிராமத்துக்கும் வந்தாச்சு. கட்டுத்தறியில நிக்கிற மாடு மிரளுது, தொட்டில்ல தூங்குற குழந்தை அலறுது.

சைலன்சருக்குள்ள இருக்க வேண்டிய ஒரு குழாயை உருவிட்டதுதான் இதுக்குக் காரணம். உடம்பு முழுக்க ஓட்டை போட்ட அந்த உள்குழாய்க்குப் பேரு பேஃபிள். முப்பது நாப்பது வருஷத்துக்கு முன்னாடி இதே குழாயை எங்க ஊர்ப் பக்கம் வாசலுக்கு வாசல் உருவி எடுத்தாங்க. ஆனா பொழுது சாயறதுக்குள்ள திரும்ப மாட்டிடுவாங்க. இந்த வித்தியாசத்தைப் பத்தித்தான் இந்தப் பதிவு.

முதல்ல சைலன்சர் எங்கேருந்து வந்ததுன்னு பார்த்துடுவோம். 1897-ல அமெரிக்காவுல மில்டன் ரீவ்ஸும் அவரோட சகோதரரும் எஞ்சின் புகைக்குழாய்ச் சத்தத்தை அடக்குற ஒரு கருவிக்குக் காப்புரிமை வாங்கினாங்க. கொஞ்ச வருஷம் கழிச்சு, 1909-ல ஹைரம் பெர்சி மாக்சிம் துப்பாக்கிச் சத்தத்தை அடக்குற சைலன்சருக்குக் காப்புரிமை வாங்கினார். அதே யோசனையை வச்சு எஞ்சினுக்கும் செஞ்சு வித்தார். இவரோட அப்பாதான் மாக்சிம் மெஷின் கன்னைக் கண்டுபிடிச்சவர். அப்பா உண்டாக்கின சத்தத்தை மகன் அடக்கப் பார்த்திருக்கார்! அமெரிக்காக்காரங்க வண்டியில இருக்கறதை மஃப்ளர்ங்கிறாங்க. வெள்ளைக்காரன் ஆண்ட ஊர்ங்கறதால நமக்கு சைலன்சர்ங்கிற பேரு ஒட்டிக்கிச்சு.

அது வேலை செய்யற விதம் விவசாயிக்குச் சுலபமா புரியும். பம்ப்செட்டுத் தண்ணி நேரா வாய்க்கால்ல விழுந்தா மண்ணை அரிச்சுடும். அதனால முதல்ல தொட்டியில விட்டு, வேகம் தணிஞ்சதும் வாய்க்காலுக்கு அனுப்பறோம். எஞ்சின்லேருந்து பாய்ஞ்சு வர்ற புகைக்கு அந்தத் தொட்டிதான் சைலன்சர். பேஃபிளோட ஓட்டைகள்ல நுழைஞ்சு, மோதி, வேகம் குறைஞ்சுதான் புகை வெளியே வரும்.

இப்போ மண்ணூர்பேட்டைக்கு வருவோம். பாடியிலிருந்து அம்பத்தூர் போற திருவள்ளூர் ஹைரோட்டுல, தொழிற்பேட்டையை ஒட்டி இருக்கற ஊர். சுத்தி கொரட்டூர் ஏரி, அம்பத்தூர் ஏரின்னு பாசன ஏரிகள் இருந்த பூமி. 1949-ல அம்பத்தூர்ல டிஐ சைக்கிள் கம்பெனி வந்தது. 1950-கள் நடுவுல வடக்கே திருவொற்றியூர்ல என்ஃபீல்டு இந்தியா புல்லட் செய்ய ஆரம்பிச்சது. 1962-ல மண்ணூர்பேட்டைக்குப் பக்கத்துலயே, பாடியில சுந்தரம் கிளேட்டன் தொடங்கினாங்க. 1964-ல அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது. ஏர் ஓடின மண்ணுல லேத்து ஓட ஆரம்பிச்சது. பெரிய கம்பெனிகளுக்குப் பாகம் செஞ்சு தர்ற சின்னச் சின்ன பட்டறைகள் முளைச்சுது.

பாடியில பிரேக் செஞ்ச அதே சுந்தரம் கிளேட்டன் 1980-ல ஓசூர்ல ஒரு வண்டி செஞ்சாங்க. அதுதான் டிவிஎஸ் 50. ரெண்டு பேர் உக்கார்ந்து போற மாதிரி இந்தியாவுல வந்த முதல் மொபெட். பால் கேனு, புல்லுக்கட்டு, உர மூட்டைன்னு மாட்டுவண்டி சுமந்ததுல பாதியை அது வாங்கிக்கிச்சு. 1985-ல யமஹா ஆர்எக்ஸ் 100 வந்ததும் இளவட்டங்க அது பின்னாடி ஓடினாங்க. மைசூர்லேருந்து ஜாவா, யெஸ்டி ஏற்கெனவே வந்துக்கிட்டு இருந்தது. எல்லாமே டூ ஸ்ட்ரோக் வண்டிங்க.

டூ ஸ்ட்ரோக் எஞ்சின்ல பெட்ரோலோட ஆயிலும் சேர்ந்து எரியணும். மொபெட்டுன்னா பங்க்லயே கலந்து ஊத்திக்கணும். ஆர்எக்ஸ் 100-க்கு ஆயில் டேங்க் தனியா இருக்கும். எப்படி ஊத்தினாலும் ஆயில் முழுசா எரியாது. மிச்சம் பிசின் மாதிரி பேஃபிள்ல படிஞ்சு, கரியா இறுகி, ஓட்டைகளை அடைச்சுக்கும். புகை வெளியேற வழியில்லைன்னா புதுக் காத்து உள்ளே வரவும் வழியில்லை. வண்டி மேடு ஏறாது. "இழுக்கலப்பா"ன்னு சொன்னாலே மெக்கானிக் நேரா சைலன்சர் வாலைத்தான் பார்ப்பார்.

அந்தக் குழாயும் சும்மா வந்துடாது. பூட்டி வச்ச சின்ன போல்ட்டு துருப்பிடிச்சிருக்கும். முந்தின ராத்திரியே மண்ணெண்ணெயோ டீசலோ விட்டு ஊற வச்சு, மெதுவா தட்டிக் கழட்டணும். அவசரப்பட்டா தலை முறிஞ்சுடும். அடுத்து, பேஃபிளை எடுத்ததும் இழுக்கக் கூடாது. பிளையர்ல பிடிச்சு இடமும் வலமும் திருப்பணும். கரி போட்ட பிடி திருப்பினாத்தான் விடும். இழுத்தா குழாய் முனை பிய்ஞ்சு கையோட வந்துடும். அப்படியும் வரலைன்னா சைலன்சரை வண்டியிலேருந்து கழட்டி, பெட்ரோல் வாடை இல்லாத இடத்துல வால் பக்கத்தைச் சூடு பண்ணுவாங்க. வெளிக்கூடு விரியும், பிசின் இளகும். கடைசி ஆயுதம் ஒரு கம்பி. அதோட ஒரு முனையை பேஃபிள்ல கொக்கியா மாட்டி, கம்பியில கோத்த இரும்புக் குண்டைப் பின்பக்கமா சறுக்கி, முட்டுல 'டங் டங்'னு அடிக்கணும். லேத்து இருக்கற பட்டறையில இது அரை மணி வேலை.

வெளியே வந்த குழாயை வரட்டித் தீயில போட்டா கரி பூத்துடும், தட்டினா உதிர்ந்துடும். சிலர் காஸ்டிக் சோடாவுல ஊற வைப்பாங்க. அது கையையும் புண்ணாக்கும், அலுமினியத்தையும் தின்னும். சுத்தம் பண்ணி, முனையில கொஞ்சம் கிரீஸ் தடவி மாட்டினா வண்டி புதுசு மாதிரி சீறும்.

"அப்போ குழாயே இல்லாம ஓட்டினா இன்னும் சீறுமே"ன்னு அன்னைக்கும் கேட்டவங்க உண்டு. டூ ஸ்ட்ரோக்ல அது நடக்காது. வெளியே போற புகையோட அலை சைலன்சர்ல மோதித் திரும்பி, தப்பிச்சு ஓடற பெட்ரோலை எஞ்சினுக்குள்ளேயே தள்ளும். 1950-கள்ல கிழக்கு ஜெர்மனியோட எம்இசட் கம்பெனியில வால்டர் காடன் இதை நல்லா ஆராய்ஞ்சு பந்தய வண்டி செஞ்சார். அவரோட ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் 1961-ல நாட்டை விட்டு ஓடி சுசுகியில சேர்ந்தார். அடுத்த வருஷமே சுசுகிக்கு 50 சிசி உலகப் பட்டம் கிடைச்சுது. குழாயோட அளவுக்கும் வடிவத்துக்கும் அவ்வளவு மதிப்பு. அதை உருவிட்டா பல வண்டிங்கள்ல சத்தம் கூடும், கீழ் வேகத்துல இழுவை குறையும்.

டூ ஸ்ட்ரோக்கை நான் கொண்டாட மாட்டேன். அந்த நீலப் புகையை நாமதான் சுவாசிச்சோம். புகை விதிகள் 1991, 1996, 2000-ன்னு இறுகிக்கிட்டே வந்தது. ஆர்எக்ஸ் 100 1996-ல நின்னுது. 2017-ல பிஎஸ் 4 வந்தப்போ டூ ஸ்ட்ரோக் மொபெட்டும் போச்சு. இன்னைக்கு வர்ற சைலன்சருக்குள்ள புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இருக்கு, கூட்டை வெல்டு வச்சு மூடிடறாங்க. உள்ளே கரி அடைக்கறதும் இல்லை. காத்துக்கு நல்லதுதான். ஆனா வீட்டு வாசல்ல நாலு ஸ்பேனரோட முடிஞ்ச ஒரு வேலை அதோட மறைஞ்சு போச்சு.

வேலை மறைஞ்சாலும் உருவுற ஆசை மட்டும் மறையலை. இன்னைக்கு சைலன்சரை அறுத்து குழாயைத் தூக்கிப் போடறாங்க. சைலன்சர் கட்டாயம்னு 1989 மோட்டார் வாகன விதிகள்லயே இருக்கு. 2019 திருத்தத்துக்கு அப்புறம் சத்த வரம்பை மீறினா 10,000 ரூபா வரை அபராதமோ, 3 மாசம் வரை ஜெயிலோ, ரெண்டுமோ கிடைக்கலாம். பல நகரங்கள்ல போலீஸ் பிடிச்ச சைலன்சர்களை வரிசையா அடுக்கி ரோடு ரோலர் ஏத்தினதை நீங்களும் டிவியில பார்த்திருப்பீங்க.

உங்க வீட்டுப் பையனும் சைலன்சரை மாத்தணும்னு நின்னா, திட்டறதுக்கு முன்னாடி பழைய ஆர்எக்ஸ் இருக்கற பட்டறைக்கு ஒரு தடவை கூட்டிட்டுப் போங்க. ஒரு பேஃபிளை அவன் கையாலேயே திருப்பி எடுத்து, கரி தட்டி, மாட்டிப் பார்க்கட்டும். அந்தக் குழாய் எதுக்கு இருக்குன்னு கை கறுத்தவனுக்குத் தெரியும். தெரிஞ்சவன் அதைத் தூக்கிப் போட மாட்டான்.