சிறுநீர்க் காரமாக்கிகளின் வரலாறு

சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைக்கும் மருந்துகள் சிறுநீர்க் காரமாக்கிகள் எனப்படும். சோடியம் பைகார்பனேட், பொட்டாசியம் சிட்ரேட் ஆகியவை இவ்வகையின. இவற்றின் வரலாற்றில் இங்கிலாந்து நாடாளுமன்றத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

18ஆம் நூற்றாண்டில் சிறுநீர்ப்பைக் கல்லை அறுத்தே எடுத்தனர். மயக்க மருந்து இல்லாத காலம் அது. அறுவையில் பலர் இறந்தனர். ஆகவே, கல்லைக் கரைக்க மருந்து உண்டு என்ற பேச்சுக்கே மக்கள் ஏங்கினர். சோவன்னா சுடீபன்சு என்ற பெண்மணி அத்தகைய மருந்து தம்மிடம் உள்ளதாகக் கூறினார். அதன் இரகசியத்தை வெளியிட 5,000 பவுண்டு கேட்டார். கல்நோயாளியான மருத்துவர் டேவிட் ஆர்ட்லி அவருக்காக முனைந்து நின்றார். பொதுமக்களிடம் திரட்டிய நன்கொடை போதவில்லை. 1739இல் நாடாளுமன்றமே அத்தொகையை வழங்கச் சட்டம் இயற்றியது.

வெளிவந்த செய்முறையில் இருந்தவை, சுட்ட முட்டையோடு, சுட்ட நத்தை, சோப்பு, தேன், சில மூலிகைகள். முட்டையோட்டைச் சுட்டால் கிடைப்பது, கிளிஞ்சலைச் சுட்டால் கிடைக்கும் அதே சுண்ணாம்புதான். சுண்ணாம்பும் சோப்பும் காரப்பொருள்கள். ஆர்ட்லி கல்நோயிலிருந்து விடுபடாமலேயே 1757இல் இறந்தார்.

எனினும் அந்தத் தேடல் வீண்போகவில்லை. கல்லைக் கரைக்க இதைவிட மென்மையான காரப்பொருளைத் தேடிய சோசப்பு பிளாக், மக்னீசியம் கார்பனேட்டை ஆராய்ந்தார். அந்த ஆய்வே கார்பன் டை ஆக்சைடைப் பற்றிய அறிவுக்கு வழிவகுத்தது. 1776இல் சீலே என்ற வேதியியலாளர் சிறுநீர்ப்பைக் கல்லில் யூரிக் அமிலத்தைக் கண்டறிந்தார். கற்கள் எல்லாம் ஒரே வகையல்ல என்பது பின்னர் தெளிவாயிற்று.

யூரிக் அமிலக் கல் அமிலச் சிறுநீரில் உருவாகும், சிறுநீரின் பி.எச். அளவை 6 முதல் 7 வரை உயர்த்தினால் மெல்லக் கரையும். கால்சியம் ஆக்சலேட் கல் அவ்வாறு கரையாது. அளவு 7ஐத் தாண்டினால் கால்சியம் பாசுபேட் கல் உருவாக வாய்ப்புண்டு. ஒரே மருந்தை எல்லாக் கற்களுக்கும் கொடுத்ததுதான் அக்காலத்தவரின் பிழை.

இன்றும் சிறுநீர்க் கடுப்புக்கு இம்மருந்துகளைத் தாமே வாங்கிக் குடிப்போர் உண்டு. எரிச்சல் தணியலாம், ஆனால் தொற்றை உண்டாக்கிய பாக்டீரியா இதனால் அழியாது. சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்குப் பொட்டாசியம் உடலில் தேங்கி, இதயத் துடிப்பையே பாதிக்கும். எனவே சிறுநீர்ப் பரிசோதனை செய்து, மருத்துவர் சொன்ன பிறகே இவற்றை உட்கொள்ள வேண்டும்.