இறக்கை கட்டிய இளைஞர்கள் – 7: அபூகீரில் ஒரு மணி நேரம்

போன வாரம் ஜே.ஆர்.டி. டாட்டாவை எகிப்து வானத்தில் விட்டுவிட்டு வந்தோம். ஏழு நாளாக அவரோடு சேர்ந்து நீங்களும் அந்தரத்தில் நின்றிருப்பீர்கள். இனிமேலும் காக்க வைப்பது நியாயமில்லை. இறக்கிவிடுவோம்.

அபூகீர். அலெக்ஸாண்டிரியாவை ஒட்டி, கடலோரத்தில் பிரிட்டிஷார் வைத்திருந்த விமானத் தளம். நெப்போலியனின் கப்பல் படையை நெல்சன் நாசம் செய்தது இந்த வளைகுடாவில்தான். ஆனால் நமக்கு வேண்டியது அந்தப் போர் இல்லை. 1930 மே மாதத்தில், துப்பாக்கிச் சத்தமே இல்லாமல் அங்கே நடந்த வேறொரு விஷயம்.

டாட்டாவின் ஜிப்ஸி மாத் விமானம் தரை தொட்டு, ஓடி, நின்றது.

அங்கே இன்னொரு ஜிப்ஸி மாத் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது.

ஆஸ்பி எஞ்சினியரின் விமானம்!

மறந்திருக்க மாட்டீர்கள். ஆகா கானின் 500 பவுண்டு பரிசு. இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே, எந்தப் பக்கமிருந்து வேண்டுமானாலும், தன்னந்தனியாக, குறித்த நாட்களுக்குள் பறந்து முடிக்கும் முதல் இந்தியருக்கு. டாட்டா கராச்சியிலிருந்து மேற்கே வருகிறார். ஆஸ்பி லண்டன் கிராய்டனிலிருந்து கிழக்கே வருகிறான். டாட்டாவுக்கு 25 வயது. ஆஸ்பிக்கு 17. எஞ்சினியர் என்பது அவன் படித்து வாங்கிய பட்டமில்லை, பார்சிக் குடும்பப் பெயர்.

எதிரெதிர் திசையில் ஓடும் பந்தயக் குதிரைகள் இரண்டும் பாதி வழியில் ஒரே லாயத்தில்.

ஆனால் ஆஸ்பி ஏன் இன்னும் தரையில் இருக்கிறான்? கிழக்கே பறந்துகொண்டிருக்க வேண்டியவன் அல்லவா?

காரணம் கட்டைவிரல் அளவுதான்.

ஸ்பார்க் ப்ளக்.

இதை அன்னூர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. டிவிஎஸ் 50 நடுவழியில் மக்கர் பண்ணினால் சத்தி ரோட்டில் எந்த வொர்க்‌ஷாப் பையனும் முதலில் ப்ளக்கைத்தான் கழற்றுவான். கரி அப்பியிருக்கும், எண்ணெய் படிந்திருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஊதி, திரும்ப மாட்டி ஒரு உதை. வண்டி கிளம்பிவிடும். தேய்த்தும் ஆகாவிட்டால் பக்கத்துக் கடையில் புதுசு.

அபூகீரில் பக்கத்துக் கடை இல்லை.

ஜிப்ஸி எஞ்சினில் சிலிண்டர் நான்கு. ஒவ்வொன்றுக்கும் இரண்டு ப்ளக், ஆக மொத்தம் எட்டு. ஒரு ப்ளக் கைவிட்டால் இன்னொன்று காப்பாற்றட்டும் என்றுதான் இந்த இரட்டை ஏற்பாடு. ஆனால் காப்பாற்றுகிறதும் தேய்ந்துகொண்டே வரும் என்பதை மறந்துவிடக் கூடாது. ஆஸ்பியிடம் மாற்று ப்ளக் தீர்ந்துவிட்டது. வெளியிலிருந்து வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

இவ்வளவு நொய்ந்த விமானத்தையா நம்பி வந்தார்கள் என்று கேட்பீர்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். கொஞ்சம் துருவிப் பார்த்தபோது, இதைவிடப் புத்திசாலித்தனமான தேர்வு அன்றைக்குக் கிடையாது என்று புரிந்தது.

மாத் ஒரு மரச் சட்டம். அதன்மேல் ஒட்டுப்பலகையும் துணியும். காலி விமானத்தின் எடை 420 கிலோவைத் தொடாது, அம்பாசிடர் காரில் பாதிகூட இல்லை. வேகம் மணிக்கு சுமார் 135 கிலோமீட்டர். ஓட்டுபவர் தலைக்கு மேல் கூரை கிடையாது. காற்றும் மணலும் முகத்தில்தான். வயர்லெஸ் இல்லை. மடியில் ஒரு வரைபடம், எதிரே ஒரு திசைகாட்டி, அவ்வளவுதான்.

ஆனால் இந்த எளிமைதான் அதன் பலம். மெதுவாக இறங்கும், கொஞ்ச தூரத்தில் நிற்கும். கெட்டியான மண் கிடைத்தால் போதும், ஓடுதளம் தேவையில்லை. இறக்கையை மடித்து ஒரு கொட்டகைக்குள் தள்ளிவிடலாம். ஒரு ஸ்பேனரும் பொறுமையும் இருந்தால் ஓட்டுபவரே எஞ்சினைப் பிரித்துப் பார்க்கலாம். ஆள் அரவமற்ற நாட்டின்மேல் தனியாகப் பறப்பவனுக்கு வேகம் அப்புறம். பழுதானால் தன் கையால் சரிசெய்ய முடிகிறதா என்பதுதான் முதல் கேள்வி.

அந்தச் சரிசெய்யும் கைக்கு ப்ளக் வேண்டுமே!

ஆஸ்பிக்கு முன்னால் என்ன காத்திருந்தது தெரியுமா? சிரியப் பாலைவனம். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே நிறம். விமானிகள் வழி தவறிவிடக் கூடாதென்று பிரிட்டிஷ் விமானப்படை, பாக்தாத் வழியில் பல நூறு கிலோமீட்டருக்குத் தரையில் தடம் போட்டு வைத்திருந்தது. கார்ச் சக்கரம் பதியாத இடங்களில் நிலத்தை உழுதே கோடு போட்டார்கள். ஆமாம், நம் புஞ்சையில் போடுவது போன்ற உழவுச் சால்! மேலே பறப்பவன் அந்தச் சாலைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும்.

அந்த வெளியில் எஞ்சின் இருமினால்?

யோசித்துப் பாருங்கள். 17 வயது.

இப்போது டாட்டாவிடம் வருவோம். அவர் பெட்டியில் மாற்று ப்ளக்குகள் இருந்தன. எச்சரிக்கையான ஆள். கேட்டு விசாரித்ததில் விஷயம் தெரிந்துவிட்டது.

சும்மா இருந்திருந்தால் போதும்.

பொய் சொல்ல வேண்டாம், வஞ்சகம் வேண்டாம். தன் விமானத்துக்கு பெட்ரோல் நிரப்பிக்கொண்டு கிளம்பியிருக்கலாம். பையன் காத்துக்கொண்டே கிடந்திருப்பான். போட்டி பாதி முடிந்தது. இதில் இன்னொரு கணக்கும் உண்டு. எட்டு ப்ளக் உள்ள எஞ்சினுக்குக் கையில் இருக்கும் மாற்றைக் கொடுத்துவிட்டால், நாளை நடுக்கடலில் தனக்கே தேவைப்பட்டால் என்ன செய்வது?

டாட்டா பெட்டியைத் திறந்தார். ப்ளக்குகளை எடுத்தார். கொடுத்தார்.

ஏன்?

பெரிய மனசு என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட எனக்கு மனமில்லை. இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் விமானி உரிமம், எண் 1, இவர் பையில் இருந்தது. ஆங்கிலக் கால்வாயை முதன்முதலில் பறந்து கடந்த பிளேரியோவை பிரெஞ்சுக் கடற்கரையில் அண்டை வீட்டுக்காரராகப் பார்த்து வளர்ந்தவர். பறப்பது அவருக்குப் பந்தயத்துக்கு முந்தைய காதல். அன்று தனியாக விமானம் ஓட்டத் தெரிந்த இந்தியர்கள் ஒரு சிறு கூட்டம்தான். அதில் ஒருவன் ப்ளக் இல்லாமல் தரையில் கிடப்பதைப் பார்த்துக்கொண்டு மேலே ஏற அவரால் முடியவில்லை. நான் புரிந்துகொண்டது இதுதான். பிற்காலத்தில் டாட்டாவே இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார். கொடுத்ததற்காக வருந்திய தொனி அதில் இல்லை.

வாங்கிக்கொண்ட ஆஸ்பி சும்மா இருந்தானா?

தன் உயிர்காப்பு மேலங்கியைக் கழற்றினான். கடலில் விழுந்தால் மிதக்க வைக்கும் அங்கி. மத்தியதரைக்கடலை அவன் கடந்து முடித்துவிட்டான். டாட்டா இனிமேல்தான் கடக்க வேண்டும். வற்புறுத்தி அவர் கையில் திணித்தான்.

பாலைவனத்துக்குப் போகிறவனுக்கு ப்ளக். கடலுக்குப் போகிறவருக்கு மிதவை.

ஆஸ்பி ப்ளக்கை மாட்டினான். விசிறியைச் சுற்றிவிட்டதும் நான்கு சிலிண்டரும் ஒன்றாகப் பேசின. இரண்டு மாத்களும் எதிரெதிர்த் திசையில் எழும்பின. ஒன்று உழவுச் சாலைத் தேடிக் கிழக்கே. இன்னொன்று அலைகளின்மேல் மேற்கே.

இருவர் கைக்கடிகாரத்திலும் நாள் ஓடிக்கொண்டிருக்கிறது. கராச்சியில் ஆஸ்பி முதலில் இறங்குவானா? கிராய்டனில் டாட்டா முதலில் இறங்குவாரா?

கொஞ்சம் பொறுங்க. இதே பரிசுக்குக் கிளம்பிய மூன்றாவது ஆளை மறந்துவிட்டோம்.

விமானத்துக்கு 'மிஸ் இந்தியா' என்று பெயர் எழுதியவர். கிளம்பிக் கிளம்பி வழி தவறி கிராய்டனுக்கே திரும்பியவர். ஆனாலும் விடாமல் மறுபடி கிளம்பியவர்.

விமானி மன்மோகன் சிங் எங்கே?

(அடுத்த வாரம்)