பூப்பைத் தள்ளிவைக்கும் மருந்தும் இதயம் குறித்துத் தாமதமாக எழுந்த கேள்வியும்

பூப்பைத் தள்ளிவைக்கும் மருந்தின் வரலாறு திருநர் இளையோரிடம் தொடங்கவில்லை. ஹைப்போதலாமஸ் சுரக்கும் ஜிஎன்ஆர்எச் ஹார்மோனின் அமைப்பை ஆண்ட்ரூ ஷாலி, ரோஜர் கில்லெமின் ஆகியோரின் ஆய்வுக்கூடங்கள் கண்டறிந்தன. இதற்காக இருவரும் 1977இல் நோபல் பரிசு பெற்றனர். இந்த ஹார்மோன் விட்டுவிட்டுக் கிடைத்தால் பிட்யூட்டரி தூண்டப்படும். இடைவிடாது கிடைத்தால் அடங்கிவிடும். எர்ன்ஸ்ட் நோபிலின் குழு 1978இல் ரீசஸ் குரங்குகளில் இதைக் காட்டியது. இந்த அறிவே 1980களில், மிக இளவயதில் பூப்படையும் குழந்தைகளுக்கான சிகிச்சையானது.

அம்மருந்தை 13 வயதில் பெற்ற திருநம்பி ஒருவரைப் பற்றி 1998இல் நெதர்லாந்தில் அறிக்கை வெளியானது. 2006இல் வெளியான டச்சு நெறிமுறை, பூப்புத் தடுப்புக்கு 12 வயதையும் பாலின ஹார்மோன்களுக்கு 16 வயதையும் வரையறுத்தது. அந்தத் திருநம்பியின் வளர்சிதை மாற்ற அளவீடுகள் 22 ஆண்டுகளுக்குப் பின்னும் இயல்பாக இருந்தன என்று 2011இல் தெரியவந்தது. ஆனால் அது ஒரே ஒருவரின் சான்று.

முன்கூட்டிப் பூப்படையும் குழந்தையை இம்மருந்து சக வயதினரின் கால ஒழுங்குக்குத் திருப்புகிறது. திருநர் இளையோரையோ அந்த ஒழுங்கிலிருந்து விலக்குகிறது. ஆகவே முன்னவரிடம் கிடைத்த பாதுகாப்புச் சான்றைப் பின்னவருக்கு அப்படியே பொருத்த இயலாது. மேலும், பூப்பின்போது இன்சுலின் உணர்திறன் இயல்பாகவே குறைகிறது. கொழுப்பும் தசையும் இடம் மாறுகின்றன. எனவே யாருடன் ஒப்பிடுவது என்பதே ஆய்வின் முதற்சிக்கலாயிற்று.

ஆம்ஸ்டர்டாம் குழு 2020இல் வெளியிட்ட ஆய்வில் 71 திருநங்கையரும் 121 திருநம்பியரும் இடம்பெற்றனர். 22 வயதில் இரத்த அழுத்தம், குளுக்கோஸ், கொழுப்பு அளவுகள் பெரும்பாலும் கவலைக்குரியனவாக இல்லை. எனினும் உடல் பருமன் திருநங்கையரிடம் 9.9 விழுக்காடாகவும் திருநம்பியரிடம் 6.6 விழுக்காடாகவும் இருந்தது. சக வயதினரில் பெண்களிடம் 2.2, ஆண்களிடம் 3.0 விழுக்காடு மட்டுமே. கொலராடோவில் சிறு குழுவொன்றை ஆராய்ந்தோர், இம்மருந்து பெறுவோரிடம் உடற்கொழுப்பு மிகுதியையும் இன்சுலின் உணர்திறன் குறைவையும் கண்டனர்.

இவ்வேறுபாட்டுக்கு மருந்து மட்டுமே காரணம் என இத்தரவுகள் காட்டவில்லை. விளையாட்டுத் திடலிலிருந்து விலகி நிற்கும் வாழ்வும் மனநெருக்கடியும் உடல் எடையைக் கூட்டக்கூடியவையே. இதய நோய் பெரும்பாலும் நடுவயதுக்குப் பின்னரே வெளிப்படும். 22 வயதின் அளவீடு அதற்கான இறுதி விடையாகாது. சிகிச்சை தேவைப்படுவோருக்கு அதை மறுக்க இத்தரவுகள் போதா. அவர்களை நெடுங்காலம் கண்காணிக்காமல் விடவும் இவை இடந்தரவில்லை.