லயத்துப் பசுவுக்கு எந்தக் காளை?

றக்வானைப் பகுதித் தோட்டங்களில் லயத்துக்குப் பின்னால் தகரம் போட்ட மாட்டுப்பட்டி ஒன்று இருந்தால், அந்த வீட்டுக்குச் சம்பளத்துக்கு அப்பால் இன்னொரு வருமானம் இருக்கிறது என்று அர்த்தம். விடியற்காலையில் பால் கறந்து கொடுத்துவிட்டு மலைக்கு ஏறுகிறார்கள். மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டுத் திரும்பும்போது தலையில் ஒரு கட்டுப் புல் வருகிறது. பெரும்பாலும் ஒரே ஒரு பசுதான். கன்று போடும்போது அது செத்துப்போனால் கடன் மட்டும் மிஞ்சும். அப்படியிருந்தும், அதற்கு எந்தக் காளையைச் சேர்ப்பது என்று யோசிக்கும் வீடுகள் குறைவு. தோட்டத்தில் யாருடைய காளை நிற்கிறதோ அது, அல்லது ஊசி போட வருபவர் கையில் எது இருக்கிறதோ அது.

குதிரை வளர்ப்பவர்களிடம் நல்ல வழக்கம் ஒன்று உண்டு. முதலில் பெண் குதிரையை நிறுத்தி அதன் குறைகளைப் பார்ப்பார்கள். அந்தக் குறை இல்லாத ஆண் குதிரையைப் பிறகுதான் தேடுவார்கள். (நெடுந்தீவுக் குதிரைகளுக்கு இப்போது அப்படித் தெரிவு செய்ய யாருமில்லை, அவை தம் போக்கில் பெருகுகின்றன.) பசுவுக்கும் இதே வழிதான் சரி.

பசுவைச் சமதரையில் நிறுத்துங்கள். பக்கவாட்டில் இருந்து பார்க்கும்போது முதுகு நேராக ஓட வேண்டும். இடுப்பெலும்பில் இருந்து வாலடி எலும்பு நோக்கி இலேசான சரிவு இருப்பது நல்லது. வாலடி உயர்ந்து நிற்கும் பசுவுக்குக் கன்று வெளிவருவது கடினம். ஈன்ற பின் கர்ப்பப்பையில் அழுக்கும் எளிதில் வடியாது. பின்னால் போய் நின்று வாலடியின் இரண்டு எலும்புகளுக்கும் இடையிலான அகலத்தைப் பாருங்கள். கன்று வரும் வழி அதுதான். குறுகியிருந்தால் பெரிய இனக் காளையை நினைக்கவே வேண்டாம்.

அடுத்தது கால். றக்வானையின் மழைக்கும் ஈரத்துக்கும் முதலில் கெடுவது குளம்பு. பின்னங்கால் கம்புபோல் நேராகவும் இருக்கக்கூடாது, அரிவாள்போல் அதிகம் வளைந்தும் இருக்கக்கூடாது. பின்னால் இருந்து பார்க்கும்போது முழங்கால்கள் ஒன்றையொன்று உரசினால், அந்த நடை மடியையும் இடிக்கும். குதிகால் தாழ்ந்த குளம்பு சேற்றில் அழுகிவிடும்.

மடியைக் கறப்பதற்கு முன்னும் பின்னும் பார்க்க வேண்டும். கறந்த பின் சுருங்கித் தொய்யும் மடியே பால் மடி. சுருங்காதது வெறும் சதை. மடியின் அடிப்பகுதி பின்னங்கால் மூட்டுக்கு மேலே நிற்க வேண்டும். கீழே தொங்கும் மடி சாணியில் புரளும், மடிவீக்கம் தேடி வரும். நாம் கையால் கறப்பவர்கள் என்பதால் காம்பு நான்கு விரலுக்குள் அடங்க வேண்டும். மிகக் குட்டையான காம்பு தினமும் தொல்லைதான்.

இவற்றில் பெரிய குறை எதுவென்று முடிவு செய்த பின் காளையைப் பற்றிப் பேசலாம். காளையின் கம்பீரத்தில் மயங்க வேண்டாம். அதன் தோற்றம் பால் பற்றி ஒன்றும் சொல்லாது. அதன் தாயின் மடியையும், முடிந்தால் அது போட்ட கிடாரிகளின் மடியையும் காலையும் பார்க்க வேண்டும். ஒரே மாதிரி வளர்க்கப்படும் பசுக்களிடையே பால் அளவில் தெரியும் வேறுபாட்டில் ஏறத்தாழ கால் பங்குதான் பரம்பரையால் வருவது. மிச்சமெல்லாம் தீனியும் பராமரிப்பும்.

ஆகவே “அதிகப் பால்” என்று சொல்லி பிரீசியன் ஊசியைக் கேட்பதற்கு முன் புல்லைக் கணக்கிடுங்கள். ஒரு மாடு தன் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு பச்சைப் புல் தின்னும். 300 கிலோ ஜேர்சிக் கலப்புக்கு 30 கிலோ. பெரிய பிரீசியன் கலப்புக்கு 40 கிலோவுக்கு மேல். சொந்தக் காணி இல்லாமல், தேயிலைக்கரையிலும் வீதியோரத்திலும் புல் அறுக்கும் குடும்பத்துக்கு அந்தப் பத்துக் கிலோ பெரிய சுமை. என் பார்வையில், புல் தட்டுப்பாடான லயத்துக்கு ஜேர்சிக் கலப்பே ஏற்றது.

முதல் கன்று போடும் கிடாரி விடயத்தில் இன்னும் கவனம் வேண்டும். தூய ஜேர்சிக் கன்று பிறக்கும்போது 25 கிலோ அளவில் இருக்கும். பிரீசியன் கன்று 40 கிலோ வரை வரும். நாட்டு மாட்டின் சாயல் கொண்ட சிறு கிடாரிக்குப் பிரீசியன் ஊசி போடுவது உயிரோடு விளையாடுவது. வயதை மட்டும் பார்க்காதீர்கள். தாய்ப் பசுவின் எடையில் 60 சதவீதத்தைத் தாண்டாத கிடாரிக்கு ஊசி போடவே கூடாது.

தோட்டத்துக் காளையில் இரண்டு ஆபத்துகள் உண்டு. நான்கைந்து வருடம் ஒரே காளை நின்றால் அது தன் கிடாரிகளையே சேரும். பிறக்கும் கன்றுகள் நோஞ்சானாகும், சினை பிடிப்பதும் குறையும். மற்றது புரூசெல்லோசிஸ். பசுவுக்குக் கன்று வீசச் செய்யும் இந்த நோய் மனிதருக்கும் தொற்றும். வீசிய கன்றையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொடக்கூடாது. பாலைக் கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும்.

ஊசி என்றால் அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு நேரத்தோடு அறிவிக்க வேண்டும். பட்டியில் தனியே கட்டிய பசு பருவத்துக்கு வருவதை வேறு மாடு காட்டிக்கொடுக்காது. கத்தல், பால் குறைவு, கண்ணாடிபோல் ஒழுகும் சளி ஆகியவற்றை நாமே கவனிக்க வேண்டும். காலையில் கண்டால் அன்று மாலை ஊசி, மாலையில் கண்டால் மறுநாள் காலை. இரத்தம் கலந்து ஒழுகினால் அந்த முறை தவறிவிட்டது. 21 நாள் கணக்கில் அடுத்ததற்குக் காத்திருங்கள். என்ன இனம், காளையின் இலக்கம் என்ன என்று கேட்பது உங்கள் உரிமை. அட்டை சிங்களத்தில் இருந்தால் வாசித்துக் காட்டச் சொல்லி, கொப்பியில் தமிழில் எழுதி வையுங்கள். அடுத்த தலைமுறைக் கிடாரிக்கு அதே இலக்கம் வராமல் தடுக்க வேறு வழியில்லை.

1977, 1981, 1983 வன்முறைகளில் சப்ரகமுவத் தோட்டங்களை விட்டு வன்னிக்குப் போன நம் உறவுகள் பலர், 2009இல் மாடுகளையும் இழந்தவர்கள். வாழ்வாதார உதவியாகவோ கடனுக்கோ மறுபடி ஒரு பசுவைக் கட்டியிருப்பவர்களுக்கு இங்குள்ள கணக்கு அப்படியே பொருந்தாது. கிளிநொச்சியின் வெயிலுக்கும் உண்ணிக்கும் சாஹிவால் கலப்பே தாங்கும். குளிர்நாட்டு இரத்தம் மிகுந்த பசு அங்கே மூச்சிரைத்து நிழலில் நிற்கும், தீனி எடுக்காது, சினையும் பிடிக்காது. அங்கிருப்பவர்கள் பசுவின் வாலடியையும் காலையும் மடியையும் மேலே சொன்னபடியே பார்த்துவிட்டு, சாஹிவால் ஊசி எப்போது கிடைக்கும் என்று கால்நடை வைத்திய அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு வைக்கலாம்.