குழலுக்கு ஏற்ற மரமும் துளை அளவும்: காவிரிக் கடைமடை மரபு

ஒரு குழலை எந்தப் பொருளால் செய்வது, எவ்வளவு நீளமும் அகலமும் வைப்பது என்பவை காவிரிக் கடைமடைப் பகுதியில் நெடுங்காலமாக ஆராயப்பட்டு வந்த கேள்விகள். காரைக்காலுக்கு வடக்கே, தரங்கம்பாடியைத் தாண்டி அதே கடற்கரையில் அமைந்துள்ள புகார் நகரில்தான் மாதவியின் அரங்கேற்றம் நிகழ்ந்ததாகச் சிலப்பதிகாரம் கூறுகிறது. அதன் அரங்கேற்று காதை குழலாசிரியனின் இலக்கணத்தை விளக்குகிறது. அப்பகுதிக்கு அடியார்க்குநல்லார் எழுதிய உரையே குழல் செய்யும் முறை பற்றித் தமிழில் கிடைக்கும் விரிவான பழைய குறிப்புகளுள் ஒன்று. இவ்வுரையை உ. வே. சாமிநாதையர் 1892இல் பதிப்பித்தார்.

பொருளைத் தேர்தல்

மூங்கில், சந்தனம், வெண்கலம், செங்காலி, கருங்காலி ஆகிய ஐந்தையும் அடியார்க்குநல்லார் குறிப்பிடுகிறார். மூங்கிலை முதல் தரம் என்றும் வெண்கலத்தை இடைத்தரம் என்றும் மற்றவற்றைக் கடைத்தரம் என்றும் முதலில் வகுக்கிறார். பின்னர் ஒவ்வொன்றின் இயல்பையும் கூறுகிறார். மூங்கில் பொழுதுக்கு ஏற்ப மாறும்; வெண்கலத்தின் ஒலி வன்மையானது; மரம் எப்போதும் ஒரே தன்மையில் நிற்கும். இதனால் அவர் காலத்தில் மரக்குழல்களே வழக்கில் இருந்தன. கருங்காலியைப் பலரும் விரும்பினர்.

இக்கருத்தின் பொருள் கடற்கரையில் வாழ்வோருக்கு எளிதில் விளங்கும். காரைக்காலில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் காற்றில் ஈரம் மிகும். சித்திரை, வைகாசியில் வெயில் கடுமையாக இருக்கும். மூங்கில் ஈரத்தை உறிஞ்சும். உலரும்போது வெடிக்கவும் கூடும். வெப்பம் கூடினால் குழலுக்குள் இருக்கும் காற்றின் நிலையும் மாறிச் சுருதி சற்று உயரும்.

மரத்தைப் பதப்படுத்தும் முறையையும் உரை கூறுகிறது. மிக இளையதும் மிக முதிர்ந்ததும் ஆகாத மரத்தை வெட்டி, நிழலில் ஆறவிட வேண்டும். முறுக்கோ பிளவோ இல்லை என்று கண்டு, ஓராண்டு கழிந்த பின்னரே குழல் செய்ய வேண்டும்.

அளவு

குழலின் நீளம் 20 விரல், சுற்றளவு நாலரை விரல். கடையும்போது நெல்லரிசியில் பாதி அளவு கனமே எஞ்ச வேண்டும். இடப்பக்க முனையை வெண்கல அணைசால் அடைத்து, வலப்பக்க முனையைத் திறந்து விட வேண்டும். முனையிலிருந்து 2 விரல் விட்டு ஊதுதுளை, அதிலிருந்து 7 விரல் தள்ளி அடுத்த 9 விரல் பரப்பில் 8 துளைகள், கடைசியில் 2 விரல் வெற்றிடம். கூட்டினால் 20 விரல் சரியாக வரும். எட்டில் ஒன்று முத்திரைத் துளை. மற்ற ஏழிலும் விரல் வைத்து ஊதுவர்.

இவ்வளவுகளுக்குக் காரணம் உண்டு. குழல் நீண்டால் சுருதி தாழும், குறுகினால் உயரும். ஒரே நீளமுள்ள இரு குழல்களில் உள்விட்டம் அகன்றது கீழ்ச்சுரங்களை நிறைவாகத் தரும். குறுகியது மேல்சுரங்களை எளிதில் தரும்.

மூங்கிலின் மீட்சி

இன்றைய கருநாடக இசை மேடையில் மூங்கில் குழலே நிலைபெற்றுள்ளது. கும்பகோணம் சரப சாஸ்திரி (1872–1904) அதைத் தனிக்கச்சேரிக் கருவியாக உயர்த்தினார். திருவிடைமருதூரில் பிறந்த டி. ஆர். மகாலிங்கம் (1926–1986) அதில் வாய்ப்பாட்டின் கமகங்களைக் கொண்டுவந்தார். மூங்கில் இயற்கையிலேயே உட்குழிவானது, எடை குறைந்தது, கட்டைக்கு ஒரு குழலாகச் செய்து வைத்துக்கொள்ளவும் ஏற்றது. சுருதி மாறும் குறையை வேறு குழலை எடுத்து ஈடு செய்யலாம்.

நாகசுரம்

நாகசுரத்தில் மரமே வென்றது. கும்பகோணம், மயிலாடுதுறை இடையே உள்ள நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தால் இது கடையப்படுகிறது. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் நன்கு உலர்ந்த உத்தரங்களையும் தூண்களையும் ஆசாரிகள் விரும்பி வாங்குவர். ஓராண்டு ஆறவிட வேண்டும் என்ற பழைய விதியின் நோக்கம் இங்கே தலைமுறைக் கணக்கில் நிறைவேறிவிடுகிறது. கருவியின் அகன்ற அடிப்பகுதிக்கு வழங்கும் அணசு என்ற பெயர் உரையில் வரும் அணைசை நினைவூட்டுகிறது.

முன்னர் குட்டையான, உச்சச் சுருதியுடைய திமிரி நாகசுரமே பெருவழக்கு. திறந்த வெளியில் சாமி புறப்பாட்டுக்கு அது பொருந்தியது. திருவாவடுதுறை டி. என். இராஜரத்தினம் பிள்ளை (1898–1956) நீண்ட, தாழ்ந்த சுருதியுடைய பாரி நாகசுரத்தைப் பரப்பினார். அதில் சுத்த மத்திமம் சரியாக ஒலிக்குமாறு நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி துளை அளவுகளைச் செம்மைப்படுத்தினார். இதனால் இராகங்களை மணிக்கணக்கில் விரித்து வாசிக்கும் முறை அரங்குகளில் வலுப்பெற்றது.

நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது பெயரைக் காக்கும். முதிர்ந்த ஆச்சா மரம் அரிதாகி வருவதால், அதற்கு ஈடான மரத்தைக் கண்டறிவதும், கைவழி வரும் துளை அளவுகளை எழுதி வைப்பதும் இம்மரபு தொடர்வதற்கு இன்றியமையாதவை. அடியார்க்குநல்லார் எழுதி வைத்ததால்தான் அக்காலக் குழலின் அளவு இன்று தெரிகிறது.